முச்சந்தித் தேங்காய்

பிளாஸ்டிக் பையைத் துவைத்து, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கும் ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மீன் வாங்கிய பை, ரொட்டி வந்த பை, கடையில் தேத்தண்ணீர் கட்டிக் கொடுக்கும் சின்னப் பை, எல்லாம் உள்ளும் புறமும் கழுவப்பட்டு என் வீட்டுக்காரரின் வேலைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்கும். எதிர்வீட்டுத் தம்பி ஒருநாள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டான். "என்னக்கா, உங்க வீட்ல பிளாஸ்டிக் பைங்களுக்கெல்லாம் இஸ்திரியும் போடுவீங்களா?"

அவள் கிழக்குத் திமோரிலிருந்து மலேசியாவுக்கு, எங்கள் ஊரான தஞ்சோங் மாலிமுக்குப் படிக்க வந்தவள். கணக்கு ஆசிரியையாவதற்கான படிப்பு. தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். என் மகள் தேவி கல்யாணமாகிச் சிலிம் ரிவருக்குப் போன பிறகு எங்கள் மாடியிலும் அறைகள் சும்மா கிடந்தன. ஒன்றை இவளுக்கும் மற்றதை ஒரு கஸக்ஸ்தான் பெண்ணுக்கும் விட்டோம். வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது, சாமி அறைப் பக்கம் செருப்போடு வரக் கூடாது, இவ்வளவுதான் நான் சொன்னது. இவள் இரண்டையும் கடைசிவரை காப்பாற்றினாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவாள்.

அவள் பேசியது இந்தோனேசிய மலாய். நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், எனக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படியோ பேசிக்கொண்டோம். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் அவள் சொன்னபடியே சொல்ல வேண்டும். "பெலும் ஹாபிஸ்." இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

பற்பசைக் குழாயை நான் குப்பையில் போட்டால் எடுத்து, கத்திரிக்கோலால் நெடுக வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதைக் காட்டுவாள். பெலும் ஹாபிஸ், அக்கா. அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் ஊறவைக்கப் போகும், அதிலிருந்து மிளகாய்ச் செடிக்குப் போகும். என் பழைய நைட்டி தலையணை உறையானது, பிறகு கால்மிதியானது, பிறகு திரித்த கயிறாகத் துணிக்கொடியே ஆனது. தேங்காய்ச் சிரட்டையில் நாற்று வளர்த்தாள். சில மாதங்களில் எங்கள் குப்பைப் பை மெலிந்துபோய், அதைக் கிழிக்க வரும் தெரு நாய்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டன.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட இருந்து பார்த்தால் சில நேரம் எரிச்சலாக வரும். விருந்தாளி தட்டில் மிச்சம் வைத்தால் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்கு எழுந்து கை கழுவப் போகவே சங்கடமாகிவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுப் போன் பேசிக்கொண்டே கார் கழுவுவார். ஒருமுறை இவள் நேராக அவர் வீட்டுக்குள் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். அவர் வேலி ஓரமாக வந்து, "யாரு வீட்டுப் பைப்பு, யாரு கட்டற பில்லு லா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவளிடம் சொன்னபோது, அவர் பேசி முடித்ததும் மறுபடி திறந்துகொள்ளட்டும் என்றுதானே மூடினேன் என்றாள். அவளுக்கு அது குறும்பும் இல்லை, வீம்பும் இல்லை. ஓடும் தண்ணீரைப் பார்த்தால் அவள் கை தானாகப் போகும்.

கஸக்ஸ்தான் பெண் வேறு மாதிரி. பனிக் குளிரில் வளர்ந்தவளுக்கு இந்த ஊர் வெக்கை தாங்கவில்லை. ஏர்கோனைப் போட்டால் கதவைச் சாத்த மறந்துவிடுவாள். மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு. ஆனால் அவள் படித்ததே சுற்றுச்சூழலைப் பற்றித்தான். வெளிநாட்டு மாணவர்கள் சுற்றுச்சூழலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இவளைக் கேள்வி கேட்டாள். குப்பையைப் பிரித்துப் போடுவாயா? எப்போதுமா, சில சமயமா? எதற்காகச் செய்கிறாய்? பூமிக்காகவா, காசு மிச்சம் பிடிக்கவா, மதம் சொல்வதாலா?

இவள் கேள்வித்தாளைத் தன் பக்கம் திருப்பிக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, இன்னும் தீரவில்லை, அதனால்தான், என்றாள். அந்தப் பதிலுக்கு அதில் கட்டம் இல்லை. கஸக்ஸ்தான் பெண் 'மற்றவை' என்பதில் குறித்துக்கொண்டு, சிரித்தபடி மேலே போய் ஏர்கோனைப் போட்டு, அறைக் கதவைத் திறந்தே விட்டாள். இவள் பின்னாலேயே போய்ச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகள்தான்.

என்னோடு அவள் நெருங்கியது சாமி அறை வழியாக. அவள் கத்தோலிக்கப் பெண், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றும்போது வாசலில் நின்று பார்ப்பாள். அம்மனுக்குச் சாத்திய மாலை வாடியதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கால் படாத இடத்தில், மரத்தடியில் போடுவோம் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு வாடிய பூவையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டு போய் வாழையடியில் புதைத்தாள். அர்ச்சனை செய்த தேங்காயை என்ன செய்வீர்கள்? சட்னி அரைப்போம், குழம்பில் போடுவோம், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம், சாமிக்கு உடைத்ததை வீணாக்கவே கூடாது என்றேன். இப்படி நான் சொல்லிக்கொடுத்ததுதான் பின்னால் வினையானது.

தேவிக்கு அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தடவை நாலு மாதம் தாண்டியதும் டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார், படி ஏறக் கூடாது என்றார். மருமகன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். சம்பந்தியம்மாவின் வீடு லிப்ட் இல்லாத ஃபிளாட்டில் மேல்மாடி. அதனால் பிள்ளை பிறக்கும்வரை தேவி எங்களோடு இருப்பதென்று முடிவானது. கூடத்து சோபாவையே அவளுக்குக் கட்டிலாக்கினோம். நான் அம்மனிடம் வேறு எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டேன். இந்த ஒன்று மட்டும் தங்கினால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வேன் பிடித்துக்கொண்டு தேவியைப் பார்க்க வந்தார்கள். வயிறு நன்றாகத் தெரிகிறதே, முகம் மின்னுகிறதே என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை கண்ணையும் உடனே கழித்துவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் நல்ல தேங்காயாக எடுத்து, மேலே சூடம் கொளுத்தி, தேவியைச் சுற்றி, எங்கள் வீட்டைத் தாண்டி இருக்கும் முச்சந்திக்குக் கொண்டுபோய் உடைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்காமல் வந்தேன், வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே போனேன்.

அதனால்தான் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த திமோர்ப் பெண்ணை நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவள் சமைத்தாள். மரவள்ளிக் கொழுந்தைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்ட குழம்பு. ஒரு வாரமாக எதைத் தின்றாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த தேவி அதை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தேங்காய் ருசியாக இருக்கிறதே, எந்தக் கடை என்று கேட்டேன்.

"கடை இல்ல அக்கா. முச்சந்தியில இருந்துச்சு. சூடம் எரிஞ்ச கறுப்பைச் சுரண்டிட்டேன்."

நான் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாராவது நல்ல தேங்காயைச் சாமிக்கு உடைத்து வைத்திருப்பார்களாம். யாரும் எடுப்பதில்லையாம். சாமித் தேங்காயை வீணாக்கக் கூடாது என்று நான் சொன்னதிலிருந்தே அவள்தான் எடுத்து வருகிறாளாம்.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "போன மாசம் தேங்காய் அப்பம் சுட்டியே, அதுவும்?"

"அதுவும்தான் அங்கிள்," என்றாள் பெருமையாக. "நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க."

தாமானில் உள்ள அத்தனை வீட்டுக் கண்ணேறும் சட்னியாகவும் குழம்பாகவும் அப்பமாகவும் எங்கள் வயிற்றுக்குள் போயிருந்தது. நான் எழுந்து தேவியின் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். சமைத்தவளுக்கு அது புரியவில்லை. நான் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அந்தத் தேங்காய் சாமிக்கு உடைத்தது கிடையாது, ஆளைப் பிடித்த கெட்டதை இறக்கித் தெருவில் விடுவது, தொடவே கூடாதது. கேட்கக் கேட்க அவள் முகம் வற்றிக்கொண்டே போனது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னாள்.

"எங்க ஊர்ல தொடக்கூடாதுன்னா கம்பு நட்டு ஓலை கட்டித் தொங்கவிடுவாங்க அக்கா. இங்க ஓலை எதுவும் கட்டலையே."

இரண்டு நாள் கழித்துத் தேவிக்கு லேசாக உதிரம் பட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, இன்னும் கவனமாகப் படுத்திருக்கட்டும் என்று சொல்லி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அது இந்தத் தேங்காயால் வந்ததா, தானாக வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பதற்றத்தில் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் புல் வெட்டும் வெளிக்காட்டு வேலை பார்த்தவர், பேச்சு நேராகத்தான் வரும். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. தேவி வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் ஒரு காலிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஊரு கண்ணையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வந்து எம் மருமகளுக்கு ஊட்டிருக்கா. அந்தப் பொண்ணு இருக்கற வீட்ல எம் பேரப்பிள்ளை இருக்க வேணாம். அவ போகணும், இல்லன்னா தேவிய நான் இப்பவே கூட்டிக்கிட்டுப் போறேன்."

அந்த மாடிப்படிகளை நான் நினைத்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். தூக்கிக்கொண்டு ஏறுவோம் என்றார் சம்பந்தியம்மா. இந்தப் பெண்ணுக்கோ பரீட்சை நடந்துகொண்டிருந்தது, பாதியில் யார் அறை கொடுப்பார்கள். சாமி அறைப் பக்கம் பார்த்தேன். அம்மன் எப்போதும் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. அவள் தன் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சம்பந்தியம்மா பேசிய தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது, குரல் புரிந்திருக்கும். பையை ஓரமாக வைத்துவிட்டு, சம்பந்தியம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து மலாயில் கேட்டாள்.

"அபராதம் என்னன்னு சொல்லுங்க அம்மா."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். அவளே விளக்கினாள். அவள் ஊரில் காட்டுக்கோ ஆற்றுக்கோ ஓலை கட்டிவிட்டால் அந்தக் காலம் முடியும்வரை யாரும் மரம் வெட்டக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. மீறினவன் ஆடோ பன்றியோ கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அத்தோடு சரி. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, கேலிக்குக்கூடச் சொல்லக் கூடாது.

"அதைக் குடுத்துட்டுப் போறேன். குடுக்காமப் போனா நான் எங்க போனாலும் அது தீராது."

சம்பந்தியம்மா பெட்டியின் பூட்டை விரலால் தள்ளித் தள்ளி விட்டார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார். "ஆடெல்லாம் வாங்கி நா என்னா செய்யப் போறேன். ஆனா குடுக்கறவங்களுக்கு வலிக்கணும்ல. இவளுக்கு எது வலிக்கும் சம்பந்தி?"

அவளோடு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவள் நான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நல்ல தேங்காய வீணாக்கச் சொன்னா வலிக்கும்," என்றேன்.

சம்பந்தியம்மா அந்தப் பெண்ணை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார். துணிக்கொடியில் தொங்கிய பைகளையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அப்ப எடுத்தவ கையாலயே கழிக்கட்டும். இவ சுத்தி, இவ ஒடைக்கணும். ஒடைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும். பாத்தான்னா தேவி எங்கூட வந்துடுவா. பாக்காம வந்தான்னா ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

நான் மலாயில் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். தேங்காய்க் கூடையை முன்னால் வைத்தேன். அழுகினது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், "இல்ல, அப்ப அது அபராதம் ஆகாது," என்று தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் நிறைந்த, இருப்பதிலேயே நல்லதை எடுத்தாள்.

தேவி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சூடத்தை நான் கொளுத்திக் கொடுத்தேன். எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்டியதை அப்படியே செய்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, அவளுடைய மாதாவைக் கூப்பிட்டாளோ என்னவோ. யாரையாவது கூப்பிட்டால் சரி என்று நான் விட்டுவிட்டேன்.

நானும் சம்பந்தியம்மாவும் வாசல் கேட்டருகே நின்றோம். உடைக்கிறவர்கள்தான் பார்க்கக் கூடாது, நாங்கள் பார்க்கலாம். முச்சந்திக்கு அந்தப் பக்கம் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் கொஞ்சம் வெட்டாமல் நிற்கின்றன. அவள் நடுவில் நின்று ஒரே அடியில் உடைத்தாள், உடைக்கத் தெரிந்த கை. நேர் பாதியாகப் பிளந்து வெள்ளையாக விழுந்தது. தேங்காய்த் தண்ணீர் தார் ரோட்டில் பரவியது. அவள் குனிந்தாள். முட்டி மடங்கிவிட்டது. கை பாதி தூரம் கீழே போயிற்று. சம்பந்தியம்மா என் முழங்கையைப் பிடித்தார். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள், எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

அவள் பாதி வழி வருவதற்குள் பின்னால் மரக்கிளை சலசலத்தது. ஒரு குரங்கு இறங்கியது, வயிற்றில் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. அது தேங்காய்ப் பாதியை எடுத்து முகர்ந்து, மார்போடு அணைத்துக்கொண்டது. இன்னொரு குரங்கு வந்து மறு பாதியை எடுத்தது. சிரட்டை ரோட்டில் உரசும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கழுத்து விறைத்தது. கண்ணை எங்கள் வீட்டுக் கதவு மேலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

சம்பந்தியம்மா என் காதோடு சொன்னார். "சொல்லிடாதீங்க. வலி கொறஞ்சிடும்."

அவள் வாசலில் நின்றாள். கண் நிறைந்திருந்தது. அந்த நிலையிலும் அரைக் குவளைத் தண்ணீரில்தான் கால் கழுவினாள், அதுவும் மிளகாய்ச் செடிப் பக்கமாகத் திரும்பி நின்று.

அன்று ராத்திரி சம்பந்தியம்மா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவள் குழம்பு ஊற்றும்போது கிண்ணத்தை நிறுத்தி, "தேங்காய் எங்க வாங்கினது?" என்று மலாயில் கேட்டார். "பாசார்ல, அம்மா," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாருமே எடுக்கவில்லை. சிலிம் ரிவர் சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்றுவரை தெரியாது. காலிப் பெட்டி காலியாகவே திரும்பிப் போனது.

தேவிக்கு மாதம் நிறைந்து பெண் பிறந்தது. அம்மன் கொடுத்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய காலையில் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தேங்காய் வீணாகவில்லை என்று அவளிடம் சொன்னேன். குரங்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் பிள்ளையின் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டியோட வந்துச்சா அக்கா?"

"ஆமா. வயித்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப ஹாபிஸ்," என்றாள். தீர்ந்தது. எதைப் பற்றியும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பேத்திக்கு இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் சுற்றிப் போடுகிறேன். தேங்காயை ரோட்டு நடுவில் விடுவதில்லை. உடைத்த பிறகு காலால் ஓரமாக, மரங்கள் இருக்கும் பக்கம், பருப்பு மேலே தெரியும்படி தள்ளிவிட்டு வருகிறேன். பாதி வழி வந்ததும் பின்னால் கிளை அசையும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.